சுவரொட்டி (மண்ணீரல்) இடம் நழுவினால்: கட்டி நிறுத்துவதா, எடுத்துவிடுவதா?

இரவு பத்தரை மணிக்கு அவசரப் பிரிவிலிருந்து போன் வந்தது. "மேடம், இருபத்தாறு வயசுப் பொண்ணு. அடிவயித்துல கட்டி, தாங்க முடியாத வலி. மகப்பேறு டாக்டர் பார்த்துட்டாங்க. சினைப்பைக் கட்டி முறுக்கிக்கிட்டிருக்கும்னு முதல்ல நினைச்சாங்க. ஆனா ஸ்கேன்ல ரெண்டு சினைப்பையும் நல்லா இருக்கு" என்றார் பயிற்சி மருத்துவர்.

நான் போய்த் தொட்டுப் பார்த்தபோது தொப்புளுக்குக் கீழே, சற்று இடப்புறமாக, சின்னத் தேங்காய் அளவுக்கு ஒரு கட்டி தட்டுப்பட்டது. அதன் ஓரமாக மெல்ல விரலை ஓட்டினேன். ஓர் இடத்தில் தோசை ஓரத்தைக் கிள்ளி எடுத்ததுபோல ஒரு வெட்டு. சினைப்பைக் கட்டிக்கு அப்படி வெட்டு இருக்காது. ஸ்கேன் செய்தவரிடம் கருவியை இடது விலாவுக்குக் கீழே வைத்துக் காட்டச் சொன்னேன். அங்கே குடல் காற்று மட்டும்தான் தெரிந்தது. "மண்ணீரல் இருக்க வேண்டிய இடத்துல இல்ல மேடம்" என்றார் அவர். வயிற்றின் மேல்மூலையில் இருக்க வேண்டிய மண்ணீரல் அடிவயிற்றில் கிடந்தது. தன் காம்பைத் தானே முறுக்கிக்கொண்டும் இருந்தது.

வெளியே தாழ்வாரத்தில் நின்ற அவள் அம்மாவுக்கு மண்ணீரல் என்றால் என்னவென்று பிடிபடவில்லை. கர்ப்பப்பையில் ஏதோ என்று நினைத்துக்கொண்டு, "எடுத்துட்டா இன்னொரு புள்ள பெத்துக்க முடியுமா டாக்டரம்மா?" என்று கேட்டார். "கறிக்கடையில சுவரொட்டி வாங்குவீங்கல்ல, அதுதாம்மா. நம்ம எல்லாருக்கும் வயித்துல ஒண்ணு இருக்கு" என்றதும் புரிந்துகொண்டார். மகளுக்கு முதல் பிரசவத்துக்குப் பிறகு ரத்தம் ஊற வேண்டும் என்று அதைத்தான் வாங்கிச் சுட்டுக் கொடுத்தாராம்.

அப்படித் தாழ்வாரத்தில் நிற்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அந்த நேரத்தில் இரண்டு மூன்று முடிவுகளை அவசரமாக எடுக்க வேண்டியிருக்கும். எந்த வழியில் என்ன கிடைக்கும், என்ன போகும் என்று முன்கூட்டியே தெரிந்திருந்தால் டாக்டரிடம் சரியான கேள்வியைக் கேட்கலாம்.

முதலில் மண்ணீரல் ஏன் நழுவுகிறது என்று பார்த்துவிடலாம். மருத்துவக் கல்லூரியில் 1, 3, 5, 7, 9, 11 என்று மனப்பாடம் செய்வோம். தடிமன் 1 அங்குலம், அகலம் 3, நீளம் 5, எடை சுமார் 7 அவுன்ஸ், இருப்பது 9 முதல் 11 வரையிலான விலா எலும்புகளுக்கு உள்ளே. இரைப்பை, இடது சிறுநீரகம், பெருங்குடல், உதரவிதானம் ஆகியவற்றோடு சவ்வு போன்ற தசைநார்கள் அதைப் பிணைத்து வைத்திருக்கின்றன. சிலருக்குக் கருவில் வளரும்போதே இந்தப் பிணைப்புகள் சரியாக உருவாவதில்லை. சிலருக்குப் பின்னாளில் தளர்ந்துபோகின்றன. அடுத்தடுத்துப் பிரசவம் ஆன பெண்களுக்கு அப்படி ஆகலாம், ஏதாவது நோயால் மண்ணீரல் வீங்கிக் கனத்தாலும் ஆகலாம். அப்போது ரத்தக்குழாய்கள் அடங்கிய காம்பு ஒன்றுதான் மிச்சம். அதிலேயே மண்ணீரல் தொங்கத் தொடங்குகிறது. இதை அலையும் மண்ணீரல் என்கிறோம். அரிதான நிலைமைதான். அதிகமாகப் பார்ப்பது இருபதிலிருந்து நாற்பது வயதுக்குட்பட்ட பெண்களிடமும் குழந்தைகளிடமும்.

குழந்தையைத் தூளியில் உட்காரவைத்து முறுக்கி விட்டால் என்ன ஆகும்? கையை எடுத்ததும் சுழன்று தானே அவிழும். அலையும் மண்ணீரலும் பல சமயம் அப்படித்தான் பாதி முறுக்கி, தானே அவிழ்கிறது. வலி வருகிறது, படுத்தால் போகிறது. நான் சொன்ன பெண்ணுக்கு இரண்டு வருடமாக இப்படி வந்து போயிருக்கிறது. அவள் முதலில் காட்டிய இடத்தில் வாயு என்றார்கள். அப்புறம் காட்டிய இடத்தில் அல்சர் என்று மாத்திரை கொடுத்தார்கள். வலி இல்லாத நாளில் வந்தவளைப் பார்த்து மண்ணீரலைச் சந்தேகிப்பது யாருக்கும் சுலபமில்லை, அதனால் அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் ஒருமுறை, வலி இருக்கும்போது, முழு வயிற்றுக்கும் ஸ்கேன் எடுத்திருந்தால் தெரிந்திருக்கும்.

முறுக்கு அவிழாமல் இறுகினால் கதை வேறு. சிரை மெல்லிய சுவர் கொண்டது, அதுதான் முதலில் நசுங்கும். தமனி தடித்தது, ரத்தத்தை உள்ளே தள்ளிக்கொண்டே இருக்கும். உள்ளே வரும் ரத்தம் வெளியே போக வழியில்லாமல் மண்ணீரல் ஊதிப் பெருக்கிறது. மேலுறை இழுபட்டு வலி உயிர்போகிறது. இன்னும் இறுகினால் தமனியும் அடைபட்டு மண்ணீரல் சாகத் தொடங்குகிறது. சில சமயம் கணையத்தின் வால்பகுதியும் காம்போடு சேர்ந்து முறுக்கிக்கொள்ளும். குழந்தைகளுக்கு இரைப்பையே சுற்றிக்கொள்வதும் உண்டு.

சரி, முதல் தேர்வு: எந்தப் பரிசோதனை?

அல்ட்ராசவுண்டா, சி.டி. ஸ்கேனா என்று கேட்டால், முதலில் அல்ட்ராசவுண்ட், கூடவே டாப்ளர் என்பது என் பதில். சின்ன ஊரிலும் கிடைக்கும், கதிர்வீச்சு கிடையாது, கர்ப்பிணிக்கும் கைக்குழந்தைக்கும் பயமில்லாமல் எடுக்கலாம். மண்ணீரல் தன் இடத்தில் இல்லை, வேறோர் இடத்தில் அதே உருவத்தில் ஒரு கட்டி இருக்கிறது என்பதை இது காட்டிவிடும். டாப்ளரில் ரத்தம் ஓடுகிறதா இல்லையா என்பதும் தெரியும். குறை என்னவென்றால், எடுப்பவரின் கையையும் கண்ணையும் பொறுத்தது. வலியோடு வரும் வயிற்றில் குடல் காற்று நிறைந்திருக்கும், அது பாதியை மறைத்துவிடும். அடிவயிற்றில் வலி என்று சீட்டில் எழுதியிருந்தால் அடிவயிற்றை மட்டும் பார்த்து அனுப்பிவிடும் பழக்கமும் இருக்கிறது. இடது மேல்பக்கம் கருவியை வைத்தாலொழிய மண்ணீரல் காணாமல் போனது தெரியவே தெரியாது.

சி.டி. ஸ்கேன் இந்த நோயில் அநேகமாகச் சந்தேகத்துக்கு இடம் வைக்காது. நரம்பில் சாயமருந்து ஏற்றி எடுக்கும்போது உயிருள்ள மண்ணீரல் பளிச்சென்று வெளுத்துத் தெரியும், ரத்தம் போகாதது மங்கலாகக் கிடக்கும். முறுக்கிய காம்பு படத்தில் எப்படி இருக்கும் என்று மாணவர்களுக்குச் சொல்ல எனக்கு உவமையே தேட வேண்டியதில்லை. தீபாவளிக்குச் சுடுகிற முறுக்கு மாதிரியே, நடுவிலிருந்து சுற்றிச் சுற்றி வரும் வளையங்கள். அதைப் பார்த்துவிட்டால் வேறு பரிசோதனை தேவையில்லை. கணையம் மாட்டியிருக்கிறதா, இரைப்பை எப்படி இருக்கிறது, சிரையில் ரத்தம் உறைந்திருக்கிறதா, வயிற்றுக்குள் நீர் கோத்திருக்கிறதா என்பதெல்லாம் ஒரே படத்தில் கிடைத்துவிடும். கத்தியை எடுக்கும் முன் எனக்கு அவ்வளவும் தெரிய வேண்டும்.

அதனால் நோயாளியின் நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் நிதானமாக இருந்தால் சி.டி. எடுத்துவிடுங்கள் என்பேன். சிறுநீரகம் சரியாக வேலை செய்கிறதா என்று காட்டும் கிரியாட்டினின் அளவைப் பார்த்துவிட்டு எடுக்க வேண்டும். பெண் என்றால் கர்ப்பம் இல்லையென்று உறுதி செய்துகொள்ள வேண்டும். கர்ப்பிணியாக இருந்தால், எம்.ஆர்.ஐ. உடனே கிடைக்கிற இடத்தில் அதை எடுக்கலாம். வயிறு பலகை மாதிரி இறுகி, ரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டிருந்தால் ஸ்கேன் வரிசையில் காத்திருக்கக் கூடாது, நேரே ஆபரேஷன் அறைக்குப் போக வேண்டும். ரத்தப் பரிசோதனையை நம்பி முடிவெடுக்க முடியாது. வெள்ளணு கூடியிருக்கலாம், தட்டணு குறைந்திருக்கலாம், எல்லாம் சரியாகவும் இருக்கலாம். சாதாரண எக்ஸ்ரேயால் இதில் பெரிய உதவி இல்லை.

அடுத்து வருவது பொறுமையாக யோசிக்க வேண்டிய தேர்வு. வேறு எதற்கோ ஸ்கேன் எடுத்தபோது மண்ணீரல் இடம்மாறியிருப்பது தெரிகிறது. வலி இல்லை, முறுக்கும் இல்லை. விட்டுவிடலாமா, இப்போதே கட்டி நிறுத்திவிடலாமா?

விட்டுவிடலாம் என்பவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. தொந்தரவே இல்லாத ஒருவருக்கு மயக்கமருந்தும் தையலும் எதற்கு? அறுவை சிகிச்சையில் எப்போதும் ஏதோ ஒரு ஆபத்து உண்டு. எண்பது வயதுக்காரருக்கு, இதயம் பலவீனமானவருக்கு நானும் அதைத்தான் சொல்வேன். ஆனால் இளம் வயதில் இருப்பவரிடம், முக்கியமாகக் கருத்தரிக்கத் திட்டமிடும் பெண்ணிடமும் ஓடியாடும் குழந்தையின் பெற்றோரிடமும், கட்டி நிறுத்திவிடுவது நல்லது என்றே சொல்வேன். தொங்கும் மண்ணீரல் எப்போது முறுக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. முறுக்கிய பிறகு வந்தால் காப்பாற்றுவது நிச்சயமில்லை. இன்று நாம் நாள் பார்த்து, தடுப்பூசி போட்டு, சிறு துளைகள் வழியே கேமரா விட்டுச் செய்யும் லேப்ராஸ்கோபியில் முடிக்கிற வேலையை, அன்றைக்கு நடு இரவில், ஒருவேளை ஏழு மாதக் கர்ப்பத்தோடு, வயிற்றைத் திறந்து செய்ய வேண்டிவரலாம். அதுவும் முடியாமல் எடுத்துவிட நேரலாம். விலா எலும்பின் காப்பு இல்லாமல் வயிற்றின் முன்பக்கம் கிடக்கும் மண்ணீரலுக்கு ஒரு சின்ன அடி, பைக்கில் ஒரு சறுக்கல்கூட ஆபத்து.

காத்திருப்பது என்று முடிவெடுத்தால் அதைக் கவனத்தோடு செய்யுங்கள். மண்ணீரல் எங்கே இருக்கிறது என்று எழுதிய ஸ்கேன் சீட்டு எப்போதும் கையில் இருக்கட்டும். வயிற்றில் புதிதாக வலி வந்தால், எந்த ஆஸ்பத்திரியில் காட்டினாலும் முதல் வார்த்தையாக அதைச் சொல்லுங்கள்.

இனி முறுக்கிக்கொண்ட மண்ணீரலுக்கு வருவோம். இதுதான் கடினமான இடம்.

எடுப்பது, நிறுத்துவது என்ற இரண்டு வழிகளும் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே வந்துவிட்டன. அலையும் மண்ணீரலை 1877-இல் மார்ட்டின் என்பவர் வெட்டி எடுத்தார். 1895-இல் போலந்தைச் சேர்ந்த லுட்விக் ரிடிகியர் அதை எடுக்காமல், வயிற்றின் உள்சவ்வில் ஒரு பை மாதிரிச் செய்து அதற்குள் உட்காரவைத்தார். அதன் பிறகும் நெடுங்காலம் எடுத்துவிடுவதே வழக்கமாக இருந்தது. மண்ணீரல் இல்லாமலும் மனிதன் வாழ்கிறானே, தொந்தரவு தருவதை ஏன் வைத்திருக்க வேண்டும் என்ற எண்ணம்தான் காரணம். 1952-இல் அமெரிக்காவில் கிங், ஷுமாக்கர் என்ற இருவர், ரத்த நோய்க்காக மண்ணீரல் எடுக்கப்பட்ட பச்சிளங்குழந்தைகளுக்குக் கடுமையான கிருமித்தொற்றும் மூளைக்காய்ச்சலும் வந்ததை எழுதினார்கள். மண்ணீரல் என்ன வேலை செய்கிறது என்பது அதன் பிறகுதான் உறைத்தது.

ரத்தத்தில் வரும் கிருமிகளை, குறிப்பாக மேலே சர்க்கரைப் பொருளால் உறை போர்த்திக்கொண்டு வரும் நியூமோகாக்கஸ், மெனிங்கோகாக்கஸ், ஹீமோபிலஸ் போன்றவற்றைப் பிடித்து அழிப்பது பெரும்பாலும் மண்ணீரல்தான். அது இல்லாதவருக்கு இந்தக் கிருமிகளில் ஒன்று ரத்தத்தில் புகுந்தால், காலையில் லேசான காய்ச்சலும் குளிருமாக ஆரம்பித்தது மாலைக்குள் ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே வந்துவிடலாம். இது எல்லோருக்கும் வருவதில்லை, அரிதுதான். ஆனால் வந்தவர்களில் பாதிப்பேர் வரைகூட இறந்திருக்கிறார்கள். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும், ஆபரேஷன் ஆன முதல் இரண்டு மூன்று வருடங்களுக்கும் ஆபத்து அதிகம். அதற்குப் பிறகும் வாழ்நாள் முழுக்க அது முழுதாக நீங்குவதில்லை.

அதனால் என் கொள்கை ஒன்றே: உயிர் இருந்தால் நிறுத்து, செத்துவிட்டால் எடு. உயிர் இருக்கிறதா என்று தெரிவதுதான் சிக்கல். சி.டி.யில் ரத்தமே ஓடாததுபோல் தெரியும் மண்ணீரல்கூட, முறுக்கை அவிழ்த்ததும் சில சமயம் பிழைத்துக்கொள்கிறது. ஆகவே படத்தை மட்டும் பார்த்து, "செத்துப்போச்சு, எடுத்துடலாம்" என்று முடிவுகட்டக் கூடாது. உள்ளே பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும்.

வேறொரு நாள் வந்த பதினொரு வயதுச் சிறுமி நினைவுக்கு வருகிறாள். வலி தொடங்கி ஆறு மணி நேரத்துக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். லேப்ராஸ்கோபிக் கேமரா உள்ளே போனதும் திரையில் தெரிந்த மண்ணீரல் நாவற்பழ நிறத்தில் விம்மிக்கொண்டிருந்தது. காம்பு இரண்டு சுற்று. மெதுவாக, எதிர்த்திசையில், ஒவ்வொரு சுற்றாக அவிழ்த்தோம். அப்புறம் ஒன்றும் செய்யவில்லை. கருவிகளை அசைக்காமல் வைத்துக்கொண்டு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி இருபது நிமிடம் காத்திருந்தோம். அறையில் மயக்கமருந்து இயந்திரத்தின் சத்தம் மட்டும்தான். முதலில் ஓரங்களில் கருமை குறைந்தது. பிறகு காம்பின் பக்கமிருந்து கருஞ்சிவப்பு மெல்லப் பரவி வந்தது. ஒரு மூலையில் மட்டும் சின்னத் திட்டு கறுப்பாகவே நின்றுவிட்டது, அதனால் பாதகமில்லை. மண்ணீரல் தன் வேலையைச் செய்யக் கால்பங்கு, மூன்றிலொரு பங்கு நல்ல திசு இருந்தாலும் போதும்.

நிறுத்துவது என்றால் எப்படி என்று எல்லோரும் கேட்கிறார்கள். நேரே ஊசி போட்டுச் சுவரில் தைப்பது நல்ல வழி கிடையாது. மண்ணீரல் ரத்தம் ஊறிய பஞ்சு மாதிரி, குத்தினால் வடியும், தையலும் பிய்ந்து வரும். நாள்பட்டுக் கரைந்துபோகும் வலையில் அதைப் பொதிந்து, வலையை இடது மேல்மூலையில் உதரவிதானத்துக்குக் கீழே தைத்துவிடுவது ஒரு முறை. வலை கரைவதற்குள் சுற்றியுள்ள திசுக்கள் ஒட்டிப் பிடித்துக்கொள்ளும். ரிடிகியர் செய்ததுபோல வயிற்றின் பின்சுவர்ச் சவ்வைப் பிரித்துப் பை தைத்து அதில் இருத்துவது இன்னொன்று. அந்தச் சிறுமிக்கு வலை வைத்தோம். குழந்தைகளுக்கு இரைப்பையும் தளர்ந்து சுற்றும் வாய்ப்பு இருப்பதால் அதையும் பார்த்து, தேவைப்பட்டால் கையோடு தைத்து நிறுத்திவிடுவது புத்திசாலித்தனம்.

இந்த வழியின் குறைகளையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். வலை நழுவலாம், மறுபடி முறுக்கலாம். அவிழ்த்தபோது உயிரோடு தெரிந்த மண்ணீரல் அடுத்த சில நாட்களில் சிரையில் ரத்தம் உறைந்து செத்துப்போகலாம், அப்போது இரண்டாவது ஆபரேஷன் தேவைப்படும். ஆகவே வீட்டுக்கு அனுப்பும் முன் ஒரு டாப்ளர், பிறகு சில வாரம் கழித்து ஒன்று, சில மாதம் கழித்து ஒன்று என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இத்தனை இருந்தும் நான் இதையே முதலில் முயல்வேன். மறுபடி முறுக்கினால் மறுபடி ஒரு வாய்ப்பு இருக்கிறது. எடுத்த மண்ணீரலைத் திரும்ப வைக்க முடியாது.

இருபத்தாறு வயதுப் பெண்ணுக்கு அந்த வாய்ப்பு கிடைக்கவில்லை. வலி தொடங்கி மூன்றாம் நாள்தான் எங்களிடம் வந்தாள். வயிற்றைத் திறந்தபோது மண்ணீரல் இயல்பைப்போல மூன்று மடங்கு பெருத்து, தார் நிறத்தில், ஒளியே இல்லாமல் இருந்தது. சுற்றிலும் கலங்கிய நீர். காம்பு மூன்று முறை சுற்றிக் கயிறாகி, சிரைக்குள் ரத்தம் உறைந்து கம்பிபோல் விறைத்திருந்தது. இப்படி அழுகத் தொடங்கியதை அவிழ்க்கக் கூடாது. உள்ளே தேங்கிய நச்சும் உறைந்த ரத்தமும் உடம்புக்குள் போய்விடும். முறுக்கிய நிலையிலேயே, கணையத்தின் வாலை ஒதுக்கிக் காப்பாற்றிவிட்டு, காம்பைக் கட்டி வெட்டி எடுத்தோம்.

இன்னும் சில நிலைமைகளில், உயிர் இருந்தாலும் எடுப்பதுதான் சரி. மண்ணீரலிலேயே கட்டியோ புற்றுநோய்ச் சந்தேகமோ இருக்கும்போது எடுக்க வேண்டும். சிரை நிரந்தரமாக அடைபட்டு இரைப்பையில் ரத்தநாளங்கள் புடைத்திருந்தாலும் அப்படித்தான். நோயால் பெருத்து, எந்த வலைக்கும் அடங்காத அளவில் இருந்தால் நிறுத்த வழியே இல்லை. எடுத்த மண்ணீரலிலிருந்து நல்ல துண்டுகளை வயிற்றுக் கொழுப்புச் சவ்வில் பதித்து வளர்க்கலாமே என்று சிலர் கேட்பதுண்டு. துண்டுகள் உயிர் பிடிக்கின்றன, உண்மைதான். ஆனால் முழு மண்ணீரல் தரும் பாதுகாப்பை அவை தரும் என்று நம்பி யாரையும் தடுப்பூசி இல்லாமல் அனுப்ப மாட்டேன். முறுக்கி அழுகியதிலிருந்து அப்படி எடுக்கவும் முடியாது.

லேப்ராஸ்கோபியா, ஓப்பன் ஆபரேஷனா என்ற கேள்விக்கு நீண்ட பதில் தேவையில்லை. நாள் பார்த்துச் செய்வதென்றால் லேப்ராஸ்கோபி. மூன்று நான்கு சிறு துளைகள், வலி குறைவு, சீக்கிரம் எழுந்து நடக்கலாம், சில நாளில் வீட்டுக்குப் போகலாம். பிணைக்கும் தசைநார்கள் ஏற்கெனவே இல்லாததால் அலையும் மண்ணீரலில் பாதி வேலை முடிந்த மாதிரிதான். அவசர நேரத்தில், மண்ணீரல் மிகப் பெருத்திருந்தாலோ, ரத்த அழுத்தம் தள்ளாடினாலோ, பழக்கமான குழு கையருகில் இல்லாவிட்டாலோ திறந்து செய்வதே பாதுகாப்பு. லேப்ராஸ்கோபியில் தொடங்கி நடுவில் திறக்க வேண்டிவந்தால் அதைத் தோல்வி என்று நினைக்காதீர்கள். தழும்பு பெரிதாக இருக்கும், அவ்வளவுதான். எனக்குக் கவலையெல்லாம் வேறு விஷயத்தில்: வலை வைத்து நிறுத்துவது தனக்குப் பழக்கமில்லை என்பதற்காக ஒருவர் பிழைக்கக்கூடிய மண்ணீரலை எடுத்துவிடுவது. அதனால் கையெழுத்துப் போடும் முன் கேளுங்கள்: "உள்ளே பார்த்து, உயிர் இருந்தால் நிறுத்தி வைப்பீர்களா? இங்கே அதைச் செய்ய முடியுமா?" முடியாது என்றால், நோயாளியின் நிலைமை தாங்கும் என்றால், மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பச் சொல்லிக் கேட்பதில் தவறே இல்லை. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் இந்தச் சிகிச்சைக்குச் செல்லுமா என்று ஆஸ்பத்திரியின் காப்பீட்டுப் பிரிவில் அப்போதே கேட்டுவிடுங்கள்.

எடுத்த பிறகு செய்ய வேண்டியவை தையலோடு முடிவதில்லை. இதைச் சொல்லாமல் அனுப்பிவிடுவது எங்கள் தொழிலில் அடிக்கடி நடக்கும் தப்பு, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் தடுப்பூசி. நாள் பார்த்துச் செய்யும் ஆபரேஷன் என்றால் குறைந்தது 2 வாரம் முன்பே போட்டுவிட வேண்டும். அவசரமாக எடுத்திருந்தால் 14 நாள் கழித்துப் போடுவது சிறந்தது. திரும்பி வரமாட்டார் என்று தோன்றினால் வீட்டுக்கு அனுப்பும் முன்பே போட்டுவிடுவேன். நியூமோகாக்கஸுக்கு இணைப்பு வகை ஊசி ஒன்று, 8 வாரம் கழித்து 23 வகைகளுக்கான ஊசி, அது 5 வருடம் கழித்து மறுபடி. மெனிங்கோகாக்கஸுக்கு 8 வார இடைவெளியில் இரண்டு ஊசி, பிறகு 5 வருடத்துக்கு ஒன்று. ஹீமோபிலஸ் பி ஊசி முன்பு போடாதவருக்கு ஒன்று. ஒவ்வொரு வருடமும் ஃப்ளூ ஊசி. எந்த நிறுவனத்தின் ஊசி என்பதைப் பொறுத்து இந்தக் கணக்கு சற்று மாறும், உங்கள் டாக்டர் தேதியோடு எழுதிக் கொடுப்பார். எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

சிறு குழந்தைகளுக்குத் தினமும் பென்சிலின் மாத்திரை சில வருடம் கொடுக்கிறோம். பெரியவர்களுக்கு, வீட்டிலும் பையிலும் ஒரு ஆன்டிபயாடிக் எப்போதும் தயாராக இருக்க வேண்டும். காய்ச்சலும் நடுக்கமும் வந்தால் முதல் மாத்திரையைப் போட்டுக்கொண்டு உடனே ஆஸ்பத்திரி. "வைரல் ஃபீவராக இருக்கும், நாளைக்குப் பார்க்கலாம்" என்ற பேச்சு மண்ணீரல் இல்லாதவருக்குக் கிடையாது. நாய் கடித்தால் வெறிநாய்க்கடி ஊசியோடு கட்டாயம் ஆன்டிபயாடிக்கும் வேண்டும், நாயின் எச்சிலில் உள்ள ஒரு கிருமி இவர்களைப் படுவேகமாக வீழ்த்தக்கூடியது. மலேரியா உள்ள ஊருக்குப் போவதாக இருந்தால் தடுப்பு மாத்திரை சாப்பிட்டு, கொசுவலைக்குள் தூங்க வேண்டும். ஆபரேஷன் ஆன முதல் வாரங்களில் தட்டணுக்கள் மளமளவென்று ஏறும், கல்லீரலுக்குப் போகும் சிரையில் ரத்தம் உறையும் ஆபத்து அப்போது இருக்கிறது. வயிற்றுவலி திரும்பினால் அலட்சியம் வேண்டாம்.

இதையெல்லாம் அந்தப் பெண்ணின் அம்மாவிடம் மூன்று முறை சொன்னேன். ஒரு தடித்த அட்டையில் "எனக்கு மண்ணீரல் இல்லை" என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி, கீழே ஊசி தேதிகளைக் குறித்துக் கொடுத்தோம். அவர் அதை பிளாஸ்டிக் உறையில் போட்டு மகளின் ரேஷன் அட்டையோடு சேர்த்து வைத்துக்கொண்டார். இன்னொரு பிள்ளை பெறுவதில் தடையில்லை என்று சொன்னபோதுதான் அவர் முகம் சற்றுத் தெளிந்தது.

பதினொரு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு அந்தப் பெண் காய்ச்சலோடு வந்தாள். 102 டிகிரி, குளிர் நடுக்கம். வீட்டில் வைத்திருந்த மாத்திரையைப் போட்டுக்கொண்டு, ஆட்டோ பிடித்து, அரைமணி நேரத்தில் வந்திருந்தாள். பதிவுக் கவுன்ட்டரில் வரிசை நீளமாக இருந்தது. அவள் வரிசையில் நிற்கவில்லை. நேரே உள்ளே வந்து நர்ஸிடம் அந்த அட்டையை நீட்டினாள். பெயர் எழுதும் முன்பே, எந்தக் கிருமி என்று கண்டறியும் கல்ச்சர் பரிசோதனைக்கு ரத்தம் எடுத்து, முதல் ஊசியை நரம்பில் ஏற்றிவிட்டார்கள்.